ஓவனுக்கு முதுகு காட்டியவர்

"அமுங்கிப் போச்சு" என்றார் சீடர்.

"எது?" என்றாள் குரு.

"எல்லாமே."

சீடர் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே சாக்லேட் கப்கேக்குகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. யாரோ வரிசையாகக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

குரு ஒன்றை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"குழிப்பணியாரம்னு சொல்லிக் குடுத்துருங்க சார்."

"ஏ பிள்ள, நான் அழாத குறையா வந்திருக்கேன். நீ கேலி பண்ணுத."

குருவின் பெயர் ஜெனோவா. வயது இருபத்து நாலு. காவி கிடையாது, நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. ஆசிரமம் தூத்துக்குடியில், ஒரு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஆனால் வழி கேட்கத் தேவையில்லை, வாசனையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறிவிடலாம். பிறந்தநாள் கேக்கிலிருந்து சர்க்கரைக்காரர்கள் சாப்பிடும் கேக் வரைக்கும் அவள் வீட்டு அடுப்படியிலேயே செய்து விற்றாள்.

சீடரின் பெயர் செண்பகராமன். வயது ஐம்பத்து மூன்று. பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். பரீட்சை ஹாலுக்குள் அவர் நுழைந்தால் ஒரு மின்விசிறி இன்னொரு மின்விசிறியை எட்டிப் பார்க்காது.

இதே ஜெனோவா அவரிடம்தான் கணக்குப் படித்தாள். படித்ததைவிட, அவரைப்போலவே பேசிக் காட்டி பெஞ்சின்மேல் நின்றதுதான் அதிகம்.

இன்றைக்கு அவர் அவளுடைய பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கை. மடியில் டப்பா.

"யாருக்கு சார் இது?"

"என் வீட்ல. பிரமுவுக்கு."

"டீச்சரம்மாவுக்கா?"

"அவ டீச்சரம்மா இல்ல. என்னையக் கட்டினதுனால ஊரே அப்படிக் கூப்பிடுது."

"சரி, சொல்லுங்க."

"அவளுக்குச் சர்க்கரை வந்துட்டு. சித்திரையில கண்டுபிடிச்சாங்க. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு..."

செண்பகராமன் டாக்டர் குரலில் பேசப் பார்த்தார். வரவில்லை. அவருக்குத் தன் குரல் ஒன்றுதான் வரும். அதிலேயே சொன்னார்.

"‘சார், நீங்கதான் கொஞ்சம் பார்த்துக்கணும்’னாரு. பார்த்துக்கிட்டேன். சோறு ஒரு கரண்டி. தோசை ரெண்டு. அடுத்ததுக்குக் கை போச்சுன்னு வையி, ‘பிரமு, எத்தனை?’ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். கை நின்னுரும்."

"நல்லாப் பார்த்துக்கிட்டீங்க."

"பின்னே? ஆனா இப்ப எங்கூட உக்காந்து சாப்பிட மாட்டேங்கா. ‘நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்’ங்கா. தட்டைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருதா. போன வாரம் அவ தம்பி மகனுக்குப் பிறந்தநாளு. கேக்கு வெட்டி எல்லாரும் சாப்பிடுதாங்க. இவளைக் காணோம். தேடிப் போனா, பிரிட்ஜுக்குப் பின்னால நிக்கா. வாய் நிறைய சாக்லேட் கேக்கு. என்னையப் பார்த்ததும்..."

"பார்த்ததும்?"

"புரையேறிட்டு. மூக்குலயும் கண்ணுலயும் தண்ணி. ஆளாளுக்கு அவ தலையில தட்டுதாங்க. நானும் தட்டப் போனேன்."

"ம்."

"நகர்ந்துக்கிட்டா."

குரு கையிலிருந்த கேக்கை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவளுக்குப் பிறந்தநாளு" என்றார் சீடர். "அன்னிக்குச் சாயங்காலமே கோவில்பட்டிக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறாளாம். எப்ப வருவேன்னு கேட்டேன். ‘பார்ப்போம்’ங்கா. கல்யாணம் ஆன நாள்லருந்து அவ வாயில அந்த வார்த்தையை நான் கேட்டதே கிடையாது ஜெனோவா. அவ கிளம்புறதுக்கு முன்னால ஒரு கப்கேக்கு. சீனி இருக்கக் கூடாது, மைதா இருக்கக் கூடாது. நான் செஞ்சதா இருக்கணும். எங்கூட உக்காந்து, பயப்படாம, அவ அதைச் சாப்பிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

சீடர் தேற்றம் சொல்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாதாம் மாவு. கோகோ தூள். முட்டை. உருக்கின வெண்ணெய். சீனிக்குப் பதிலா போடுற அந்த வெள்ளை இனிப்புத் தூள். பேக்கிங் பவுடர். ஒரு சிட்டிகை உப்பு. எல்லாம் கிராம் பிசகாம. யூடியூப்ல ஒரு பொண்ணு சொல்லுச்சு."

ஜெனோவாவின் தொண்டை சட்டென்று வேறு ஒருத்தியின் தொண்டை ஆனது.

"‘ஹாய் மக்களே! இன்னிக்கு நம்ம சேனல்ல, வெயிட்டும் போடாத, சுகரும் ஏறாத, சும்மா பஞ்சு பஞ்சா...’"

"அவதான்! அவளேதான்! உன் சேக்காளியா?"

"எல்லாரும் இப்படித்தான் சார் பேசுவாங்க. சரி, ஓவன்ல வெச்சுட்டு என்ன செஞ்சீங்க?"

"பார்த்தேன்."

"கண்ணாடி வழியாவா?"

"கண்ணாடி வழியா ஒண்ணும் தெரியல. கதவை லேசாத் திறந்து."

"ஒரு தடவையா?"

சீடர் சீலிங்கைப் பார்த்தார்.

"சார்."

"அப்பப்ப. செல்போன் டார்ச் அடிச்சு."

"எதுக்கு சார்?"

"பார்க்காம எப்படி வேகும்?"

குரு சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருப்பது அந்தத் தெருவிலேயே யாரும் பார்க்காத காட்சி.

"ஏன் அமுங்குது ஜெனோவா? அதை மட்டும் சொல்லு, நான் போயிருதேன்."

"நீங்க நின்ன பரீட்சை ஹால்ல எனக்குத் தெரிஞ்ச கணக்கே எவ்வளவு மறந்து போச்சு தெரியுமா சார்?"

"நான் கேட்டது கேக்கு."

"நானும் கேக்கைத்தான் சொல்லுதேன். கை கழுவிட்டு வாங்க."

சீடர் கை கழுவிக்கொண்டு வந்தார்.

கலக்கினார். மைதா மாவைப்போல் அது ஓடவில்லை. ஈர மணல்போல் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு, யோசித்து யோசித்து விழுந்தது. முட்டை சேர்ந்ததும் மினுங்கியது. கோகோ வாசனை எழுந்து வந்து மூக்குக்குள் உட்கார்ந்துகொண்டது. காகிதக் கப்புகளில் வழித்துப் போட்டார். இரண்டு கப்பில் அளவு கூடிவிட்டது என்று திரும்ப எடுக்கப் போனார். குரு அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

தட்டு ஓவனுக்குள் போனது. கதவு மூடியது.

குரு ஸ்டூலைத் தூக்கினாள். திருப்பிப் போட்டாள்.

"இங்க உக்காருங்க."

"ஓவன் முதுகுப் பக்கம் வருதே."

"ஆமா."

"அப்ப நான் எதைப் பார்க்க?"

"சுவத்தைப் பாருங்க."

சுவரில் மாதா காலண்டர் தொங்கியது. சீடர் மாதாவைப் பார்த்தார். மாதா சீடரைப் பார்த்தாள்.

"டிங்னு சத்தம் வர்ற வரைக்கும் திரும்பக் கூடாது" என்றாள் குரு. "நான் துணி காயப்போட்டுட்டு வாறேன்."

பால்கனியின் கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது.

சீடருக்கு முதுகு அரித்தது. பிடரியில் சூடு ஏறியது. உள்ளே என்ன நடக்கிறதோ? எழும்புகிறதா, அமுங்குகிறதா? ஒன்று எழும்பி ஒன்று அமுங்கினால்? மேலே கருகிக்கொண்டிருந்தால்? கேட்க ஆள் இல்லை. பார்க்கவும் கூடாது.

திரும்பத்தானே கூடாது?

பாத்திரக் கூடையில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் தட்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது. பளபளவென்று இருந்தது. நைசாக எடுத்தார். முகத்துக்கு நேராகப் பிடித்து இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். காது தெரிந்தது. தோள் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் ஓவனின் மஞ்சள் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம்...

"ஏய்! மூணாவது பெஞ்சு! பார்வை எங்க போகுது? பேப்பரைப் பிடுங்கிருவேன்!"

தட்டு கைநழுவி விழுந்தது. தரையில் சுழன்று சுழன்று, கட்டடத்துக்கே கேட்கும்படி அடங்கியது.

செண்பகராமன் எழுந்து நின்றுவிட்டார். கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. அந்த நிமிஷம் ஏழு எட்டு எவ்வளவு என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது.

அது அவருடைய குரல்.

பால்கனிக் கதவு திறந்தது. ஜெனோவா வாயில் துணி கிளிப்பைக் கவ்விக்கொண்டு வந்தாள். கிளிப்பை எடுத்தாள்.

"உக்காருங்க சார். நான்தான்."

சீடர் உட்காரவில்லை.

"இப்படியா இருக்கும்?"

"எது சார்?"

"என் குரல்."

"கொஞ்சம் குறைச்சுத்தான் சார் பண்ணுனேன்."

சீடர் குனிந்து தட்டை எடுத்தார். துடைத்தார். தட்டில் அவர் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேறு ஒருத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் சத்தம் எங்கிருந்தோ அவர் காதில் விழுந்தது.

தட்டைக் கூடையில் கவிழ்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். மாதாவைப் பார்த்தார்.

முதுகு அரிப்பது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

டிங்.

எல்லாம் எழும்பியிருந்தன! ஒவ்வொன்றும் குட்டி வழுக்கைத் தலையாட்டம், அவர் தலையைப் போலவே, பளபளவென்று நிமிர்ந்து நின்றது.

"ஜெனோவா! நிக்குது! ஏ பிள்ள, நிக்குதுட்டி!"

அவள் திரும்புவதற்குள் காரியம் நடந்துவிட்டது. சந்தோஷத்தில் சீடரின் கை, பரம்பரை பரம்பரையாக இட்லி எடுத்த கையாக மாறிவிட்டது. டம்ளர் தண்ணீரில் விரலை முக்கினார். காகிதக் கப்பின் அடியில் சளக் சளக் என்று தெளித்தார். சூட்டோடு சூடாக உரித்தார்.

கப்கேக் அவர் விரல்களுக்கு நடுவே பொலபொலவென்று கொட்டியது.

இன்னொன்றை உரித்தார். அதுவும்.

மூன்றாவதைத் தொடுமுன் குரு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன சார் செய்தீங்க?"

"எடுத்தேன். இட்லித் துணியில தண்ணி தெளிச்சு, சூடா இருக்கும்போதேதானே உரிப்போம்?"

"இட்லி எங்கருந்து சார் வந்துச்சு?"

சீடர் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கை புட்டு இருந்தது.

"எழும்பிச்சே" என்றார் ஈனசுவரத்தில். "எழும்பின அப்புறம் ஏன் உதிருது?"

குரு அடுப்பைப் பற்றவைத்தாள். டீ போட்டாள். கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க."

"யாத்தே, சுடுது!"

வேட்டி நுனியால் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் பிடிக்க முடியவில்லை. மேடைமேல் வைத்தார்.

"குடிக்கலியா?"

"ஆறட்டும்."

குரு அவரையே பார்த்தாள். பிறகு கப்கேக் தட்டைப் பார்த்தாள். பிறகு திரும்ப அவரையே பார்த்தாள்.

"...ம்" என்றார் சீடர்.

"மைதா இருந்தா அது எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சுக்கும் சார். இதுல இழுத்துப் பிடிக்க ஆள் கிடையாது. தானாத்தான் சேரணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"டீ ஆறுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இதுவும் இன்னும் இல்ல."

இருவரும் ஆளுக்கொரு ஸ்பூனை எடுத்து உதிர்ந்த புட்டைச் சாப்பிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. டீ ஆறியது. குடித்தார். அதற்குப் பிறகு குரு ஒரு கப்கேக்கை எடுத்துக் காகிதத்தை உரித்தாள். அது அப்படியே முழுசாக, அலுங்காமல் குலுங்காமல் அவள் கையில் உட்கார்ந்தது.

சீடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பில் கால் நுழைத்தவர் நின்றார்.

"வாறேன் டீச்சர்."

ஜெனோவா ஒரு நிமிஷம் திகைத்துப் போனாள். அந்தக் குரலை எப்படிப் பேசிக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரமு ஊருக்குக் கிளம்பப் பையோடு ஹாலுக்கு வந்தாள்.

வீடெல்லாம் சாக்லேட் வாசனை. அடுப்படி வாசலில் செண்பகராமன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓவன் அவருக்குப் பின்னால் மஞ்சளாக எரிந்தது. அவர் முழங்காலில் கைவைத்து, ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே காத்திருக்கும் பையன்போல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரமு நின்றாள்.

"என்ன இது, வேண்டுதலா?"

"குரு உத்தரவு."

"எந்தக் குரு?"

"ஜெனோவா."

"உங்களை மாதிரியே பேசி பெஞ்சுமேல நின்ன பிள்ளையா?"

"அவளேதான்."

"இன்னும் நல்லாப் பேசுவாளோ?"

"என்னையவிட."

பிரமு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள். சித்திரைக்குப் பிறகு செண்பகராமன் அதை இப்போதுதான் பார்க்கிறார்.

டிங்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"மணி அடிச்சிட்டு" என்றாள் பிரமு.

"அடிக்கட்டும்."

"எடுக்கலியா?"

எழுந்து, கதவைத் திறந்து, தட்டை வெளியே எடுத்து மேடைமேல் வைத்தார். திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"சூடா இருக்கும்போதே உரிக்கணுமே."

"இட்லி இல்லட்டி அது. ஆறட்டும்."

பிரமு கடிகாரத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை, போகவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு அணில் கத்தி முடித்தது. தெருவில் கோலமாவு விற்பவன் கத்திக்கொண்டே போனான். செண்பகராமன் எழுந்து தட்டின் அடியைத் தொட்டுப் பார்த்தார். கை சுடவில்லை.

தட்டை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒரு நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்.

"உனக்குத்தான். சீனி கிடையாது. மைதா கிடையாது."

ஒரு கப்கேக்கில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

பிறகு எதிர் நாற்காலியைத் தூக்கினார். சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். பிரமுவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஏங்க?"

"நீ சாப்பிடு."

சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. கிழிக்காமல் விட்ட தாள் முந்தின நாளைக் காட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார்.

பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டாளோ? பிடரி சூடேறியது. அவர் திரும்பவில்லை.

ஏதோ கனமானது தரையில் உராயும் சத்தம். ஒரு பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினால் அப்படித்தான் கேட்கும்.

நாற்காலி கிரீச்சிட்டது.

சர்ர்ர்... காகிதம் உரியும் சத்தம்.

மெல்லும் சத்தம் கேட்கவில்லை. ஆனால் ஒரு "ம்ம்" கேட்டது. அடிவயிற்றிலிருந்து, யாருக்கும் பயப்படாத ஒரு "ம்ம்". செண்பகராமனின் தோள்கள் இரண்டும் இறங்கின. சித்திரையிலிருந்து அவை காதுகளுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன என்பது இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

சர்ர்ர்...

இன்னொரு காகிதம்.

தோள் மறுபடி ஏறியது. தொண்டைக்குள் ஒரு வார்த்தை கிளம்பியது. அந்த வீட்டில் அதைவிட அதிகம் புழங்கிய வார்த்தை கிடையாது. பல்லைக் கடித்தார். காலண்டரில் ராகுகாலம் படித்தார். எமகண்டம் படித்தார். சூலம் எந்தத் திசை என்று படித்தார். வார்த்தை இறங்கிப் போனது.

"ஏங்க."

"ம்."

"திரும்புங்க."

திரும்பினார்.

பிரமு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் அவளுடையது, பாதி கடித்தது. மேலுதட்டில் சாக்லேட் மீசை. வலது கையில் இன்னொன்று, காகிதம் உரித்து, முழுசாக, அவரை நோக்கி நீட்டியபடி.

அவர் கைநீட்டினார். அவள் கையில் கொடுக்கவில்லை. நேராக வாயில் திணித்தாள்.

"எத்தனைன்னு கேக்கலியே?" என்றாள் பிரமு.

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய கேக்.